முகத்தின் கடின இடங்களை மடக்குச் சவரக்கத்தியால் மழித்தல்

மடக்குச் சவரக்கத்தி என்பது, கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும் நீண்ட, நேரான ஒற்றை அலகைக் கொண்ட மழிப்புக் கருவி ஆகும். பிளேடு பொருத்திய பாதுகாப்பு ரேசரில் அலகுக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உள்ளது. அலகு தோலைத் தொடும் கோணத்தையும், அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் அக்கருவியே பெருமளவு வரையறுத்துவிடுகின்றது. மடக்குக் கத்தியில் அத்தகைய தடுப்பு எதுவும் இல்லை. கோணம், அழுத்தம், திசை ஆகிய மூன்றும் கத்தியைப் பிடித்திருப்பவரின் கையைப் பொறுத்தவை. கன்னத்தின் தட்டையான பரப்பில் இது பெரிய இடராக இருப்பதில்லை. மேலுதடு, மோவாய், தாடை விளிம்பு, தாடையின் கீழ்ப்பகுதி, குரல்வளை மேடு ஆகிய இடங்களே கடினமானவை. வெட்டுக்காயமும் எரிச்சலும் எளிதில் ஏற்படும் இடங்களும் இவையே. இவ்விடங்களை மழிக்கும் முறைகளையும் அவற்றின் அடிப்படையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

சொல்

சவரம் என்னும் சொல் க்ஷௌரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் ஆகும். இதற்கு இணையான தமிழ்ச் சொல்லான மழித்தல் மிகப் பழையது. திருக்குறளில் கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (280) இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அங்கு பேசப்படுவது துறவிகளின் தலைமழிப்பு.

கத்தியின் உறுப்புகள்

அலகின் கூரான பக்கம் வாய் என்றும், அதற்கு எதிரேயுள்ள தடித்த பக்கம் முதுகு என்றும் இங்கு குறிக்கப்படுகின்றன. கைப்பிடியிலிருந்து தொலைவில் உள்ள முனை நுனி, அருகில் உள்ள முனை அடி. அலகை அடுத்து, விரல்கள் பற்றும் தண்டும், சுண்டுவிரல் தாங்கும் வாலும் அமைந்துள்ளன. அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் பங்குகளாகக் குறிப்பது வழக்கம். பரவலாகக் காணப்படும் 5/8 அங்குலக் கத்தி ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. நுனி வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். சதுர நுனியின் மூலை மூக்கின் அடியிலும் மீசை ஓரத்திலும் துல்லியமாக மழிக்க உதவும். ஆனால் அதே மூலைதான் காது மடலையும் மூக்கின் ஓரத்தையும் கீறும். புதிதாகக் கற்பவர்களுக்கு வட்ட நுனியே ஏற்றது.

முதுகு வெறும் கனத்துக்காக அமைந்ததன்று. சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரப் பரப்பில் படிவதால், கூர்மையின் கோணத்தை முதுகின் தடிப்பே முடிவு செய்கின்றது. தீட்டுபவர் கோணத்தைக் கணிக்க வேண்டியதில்லை. தோலின் மேல் வைக்கும்போது இந்த வசதி கிடையாது.

வரலாறு

இன்றைய வடிவிலான சவரக்கத்தி 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகருக்கு அருகே பெஞ்சமின் அண்ட்ஸ்மன் 1740களில் மூசை எஃகு உருவாக்கும் முறையைக் கண்டறிந்தார். சீரான, கடினமான எஃகு கிடைத்ததால் மெல்லிய கூர்வாயைத் தக்கவைக்கும் கத்திகளைச் செய்ய முடிந்தது. செஃபீல்டு, செருமனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய நகரங்கள் இத்தொழிலில் பெயர் பெற்றன. சோலிங்கனிலும் தியேரிலும் இன்றும் இவை செய்யப்படுகின்றன. சப்பானில் காமிசோரி எனப்படும் மடங்காத சவரக்கத்தி வழக்கில் இருந்தது.

வெட்டுக்காயம் குறித்த அச்சம் அக்காலத்திலேயே இருந்தது. பாரிசைச் சேர்ந்த கத்தி வினைஞரான இழான் இழாக் பெரே, தாமே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றி 1770 வாக்கில் ஒரு நூலை வெளியிட்டார். வாயின் சிறு பகுதி மட்டும் வெளியே தெரியும்படி மரக்காப்பு பொருத்திய கத்தியும் அவருடைய பெயரோடு இணைத்துக் கூறப்படுகின்றது. அமெரிக்கரான கிங் கேம்ப் சில்லெட்டின் வீசியெறியக்கூடிய பிளேடு கொண்ட ரேசருக்கு 1904இல் காப்புரிமம் கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு அது வழங்கப்பட்ட பின்னர், வீடுகளில் மடக்குக் கத்தியின் இடம் விரைவாகச் சுருங்கியது. முடிதிருத்தகங்களில் மட்டும் அது நீடித்தது.

சில இடங்கள் ஏன் கடினமானவை

கத்தியின் வாய் ஒரு நேர்கோடு. முகம் அவ்வாறானதன்று. தட்டைப் பரப்பில் நேர்கோடு அதன் முழு நீளத்துக்கும் படியும். உருளை போன்ற பரப்பில், உருளையின் நீளவாட்டில் வைத்தால் மட்டும் படியும். கோளம் போன்ற பரப்பில் எப்படி வைத்தாலும் ஒரு புள்ளியில்தான் தொடும். கன்னம் முதல் வகையைச் சேர்ந்தது. தாடை விளிம்பு இரண்டாம் வகை. மோவாயும் குரல்வளை மேடும் மூன்றாம் வகை. கன்னத்தில் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவும் அதே விசை மோவாயில் சில மில்லிமீட்டரில் குவிகின்றது. கையின் அழுத்தம் மாறாவிட்டாலும் தோல் உணரும் அழுத்தம் பன்மடங்கு ஆகிவிடுகின்றது.

குழிந்த இடங்களில் நிலைமை நேர்மாறானது. கீழுதட்டுக்கு அடியிலுள்ள பள்ளத்திலோ தாடைக்குக் கீழுள்ள பள்ளத்திலோ நீண்ட அலகை வைத்தால், அது பள்ளத்தின் மேல் பாலம் போல் நிற்கும். நடுப்பகுதி முடியைத் தொடாது; நுனியும் அடியும் இரு கரைகளில் குத்தி நிற்கும். முடி போகவில்லை என்று அழுத்தும்போது கரைகள் வெட்டுப்படுகின்றன.

இரண்டாவது காரணம் பக்கவாட்டு நகர்வு. தக்காளியை அழுத்தினால் நசுங்கும், கத்தியை இழுத்து அரிந்தால் எளிதில் வெட்டுப்படும். தோலும் அத்தகையதே. வாய்க்குச் செங்குத்தான திசையில் கத்தி நகரும்வரை தோல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வாயின் நீளவாட்டில் சில மில்லிமீட்டர் சறுக்கினாலே ஆழமாக வெட்டிவிடும். வளைந்த இடத்தில் கத்தியைத் திருப்ப முயலும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் இவ்வாறு சறுக்குவது உண்டு. மடக்குக் கத்தியால் நேரும் மோசமான காயங்கள் பெரும்பாலும் இவ்வகையானவை.

கோணம்

வாய்க்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை கோணம் இருத்தல் வேண்டும். இதைக் கண்ணால் அளப்பது கடினம். அலகின் அகலத்தில் பாதியளவு உயரத்துக்கு முதுகு தோலிலிருந்து எழும்பி நின்றால் கோணம் சரியாக 30 பாகை ஆகும்; சைன் 30 பாகையின் மதிப்பு அரை என்பதே இதன் காரணம். 16 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு இது 8 மில்லிமீட்டர். கோணம் மிகக் குறைந்தால் முடி வெட்டப்படாமல் இழுபடும். மிகக் கூடினால் வாய் தோலைச் சுரண்டும். வளைந்த இடத்தில் கத்தியை அசைக்காமல் நேரே ஓட்டினால், தோல் சரிந்து விலகுவதால் கோணம் தானாகவே மாறிவிடுகின்றது. எனவே இவ்விடங்களில் ஒவ்வொரு வீச்சும் ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கத்தி பிடிக்காத கை

கற்பவர்கள் கத்தி பிடிக்கும் கையிலேயே கவனம் வைப்பது இயல்பு. கடின இடங்களைப் பொறுத்தவரை மற்றைய கைக்குத்தான் முதன்மையான பணி உள்ளது. எலும்பை நகர்த்த முடியாது, தோலை நகர்த்த முடியும். தாடை விளிம்பின் மேல் கிடக்கும் தோலை மேல்நோக்கி இழுத்தால் அது கன்னத்தின் தட்டைப் பகுதிக்கு வந்துவிடும். குரல்வளை மேட்டின் மீதுள்ள தோலைப் பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தின் பக்கத் தசை மேல் வந்து படியும். வளைந்த இடத்துக்குக் கத்தியைக் கொண்டு செல்வதை விட, அவ்விடத்தின் தோலைத் தட்டையான இடத்துக்குக் கொண்டு வருவதே இம்முறைகள் அனைத்தின் அடிப்படை ஆகும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் முகத்தை நாவிதர் இப்படியும் அப்படியும் திருப்புவதும், கட்டை விரலால் கன்னத்தை ஏற்றிப் பிடிப்பதும் இதற்காகவே.

இழுப்பு, கத்தி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில், வீச்சு தொடங்கும் இடத்துக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். சோப்பு நுரை பட்ட விரல் வழுக்கும். விரல் நுனியையும், அது பிடிக்கும் இடத்தையும் துடைத்துவிட்டு, விரலில் ஈரப் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டால் பிடிப்பு நன்றாகக் கிடைக்கும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சுருள்முடி உடையவர்களுக்கு, தோலை மிக இறுக்கி எதிர்ப்போக்கில் மழித்தால், வெட்டுப்பட்ட முடியின் முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அது மீண்டும் வளரும்போது மயிர்க்குழியின் சுவரைத் துளைத்துத் தோலுக்குள்ளேயே நுழைந்து, வலியுள்ள புடைப்புகளை உண்டாக்கும். கழுத்திலும் தாடைக்குக் கீழும் இது மிகுதி. ஆப்பிரிக்க மரபினரிடையே பரவலாகக் காணப்படும் இக்குறை சுருள்முடி கொண்ட எவருக்கும் வரலாம். இத்தகையோர் தோலை இறுக்காமல், முடிப்போக்கில் மட்டும், ஒரே சுற்றில் மழிப்பது நல்லது.

முடியின் போக்கு

முகத்தில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. கன்னத்தில் பொதுவாகக் கீழ்நோக்கியும், கழுத்தில் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். சிலருக்குக் கழுத்தில் சுழி போல் வளைந்தும் இருக்கும். தாடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளர்வதால், மூன்று நாள் மழிக்காமல் விட்டுவிட்டு விரலால் தடவிப் பார்த்தால் போக்கை அறியலாம். வழுவழுப்பாக உணரப்படும் திசை முடிப்போக்கு, சொரசொரப்பான திசை எதிர்ப்போக்கு. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. முதற் சுற்று எப்போதும் முடிப்போக்கில் அமைய வேண்டும். தேவையானால் மீண்டும் நுரையிட்டு, குறுக்குவாட்டில் இரண்டாம் சுற்று செல்லலாம். கடின இடங்களில் எதிர்ப்போக்குச் சுற்றைத் தவிர்ப்பதே நன்று.

ஆயத்தம்

உலர்ந்த முடி கடினமானது. வெந்நீரில் சில நிமிடம் ஊறினால் முடி நீரை உறிஞ்சி மென்மையாகி, குறைந்த விசையில் வெட்டுப்படும். மேலுதட்டிலும் மோவாயிலும் முடி தடித்து நெருக்கமாக இருக்கும். கன்னத்தையும் கழுத்தையும் முதலில் மழித்து, இவ்விரண்டையும் கடைசிக்கு விடும் பழைய வழக்கம் பொருளற்றதன்று. நுரையில் ஊறும் நேரம் அவற்றுக்குக் கூடுதலாகக் கிடைக்கின்றது.

எஃகை விட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, பிளேடை எவ்வாறு மழுங்கச் செய்கின்றது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் சயன்ஸ் இதழில் இதற்கு விடை அளித்தனர். வாய் தேய்ந்து மட்டும் மழுங்குவதில்லை. வளைந்து சாயும் முடி, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் வாயைப் பக்கவாட்டில் வளைத்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்க்கின்றது. அவர்கள் ஆராய்ந்தது வீசியெறியும் வகைப் பிளேடுகளை. மழுங்கிய கத்தி அழுத்தத்தை வேண்டும், அழுத்தம் காயத்தைத் தரும். ஆகவே ஒவ்வொரு மழிப்புக்கும் முன்னர் கத்தியைத் தோல்வாரில், முதுகு முன்னே செல்லுமாறு, சில பத்து முறை தீட்டிக்கொள்வது வழக்கம்.

மேலுதடு

மேலுதட்டில் இடம் குறைவு. மூக்கு கத்தியின் வழியை மறிக்கின்றது. நடுவில் ஒரு பள்ளமும் உள்ளது. மேலுதட்டைப் பற்களின் மேல் கீழ்நோக்கி இழுத்து இறுக்கினால் பள்ளம் பெருமளவு சமன்படும். கட்டை விரலால் மூக்கின் நுனியை மேலே தூக்கினால் கத்திக்கு வழி கிடைக்கும். ஒரு பக்கத்தை மழிக்கும்போது மூக்கை மறுபக்கமாகச் சற்றுத் தள்ளலாம். (வேறு யாரும் நம் மூக்கைப் பிடித்துத் தூக்கினால் பொறுத்துக்கொள்ள மாட்டோம். நாவிதருக்கு மட்டும் அந்த உரிமை உண்டு.) அலகின் நுனிப்பக்க அரைப்பகுதியை மட்டும் பயன்படுத்தி, மேலிருந்து கீழாக மிகக் குறுகிய வீச்சுகளில் மழிக்க வேண்டும். வீச்சு உதட்டின் சிவந்த விளிம்புக்குச் சற்று முன்னரே நின்றுவிட வேண்டும். அங்கு தோல் மிக மெல்லியது, குருதியோட்டமும் மிகுதி. இரண்டாம் சுற்றில் வாய் ஓரத்திலிருந்து நடுப்பள்ளம் நோக்கிக் குறுக்காகச் செல்லலாம். மூக்குத் துளையின் கீழ் மீந்து நிற்கும் ஓரிரு முடிகளுக்காகக் கத்தியின் மூலையை உள்ளே கொண்டுசெல்லக் கூடாது. அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டலாம்.

வாய் ஓரத்தில், உள்ளிருந்து நாக்கால் கன்னத்தைச் சற்றுத் தள்ளியோ, வாயை 'ஓ' என்பது போல் குவித்தோ தோலை இறுக்கிக்கொள்ளலாம்.

மோவாய்

கோளம் போன்ற பரப்பு, தடித்த முடி, அடியில் எலும்பு ஆகிய மூன்றும் மோவாயில் ஒன்றுசேர்கின்றன. கீழுதட்டைப் பற்களின் மேல் உள்மடித்து இறுக்கினால் மோவாயின் முன்புறம் ஓரளவு தட்டையாகும். கீழுதட்டுக்கு அடியிலுள்ள பள்ளமும் விரியும். மோவாயை ஒரே வீச்சில் சுற்றி வர முயல்வதே பரவலான தவறு. அதை நடுப்பகுதி, இரு பக்கங்கள், அடிப்பகுதி எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தோலைப் புதிதாக இழுத்துப் பிடித்து மழிக்க வேண்டும். பக்கப் பகுதிகளில் தோலைக் கன்னத்தை நோக்கி இழுத்தால் முடி நிறைந்த தோல் எலும்பின் முனையிலிருந்து விலகி வரும். அடிப்பகுதிக்குத் தலையை உயர்த்தி, தோலைத் தொண்டை நோக்கி இழுத்தல் வேண்டும். மோவாயில் குழி உடையவர்கள் குழியின் இரு பக்கங்களிலும் விரல் வைத்து விரித்து, நுனியால் மேலிருந்து கீழாக மழிக்கலாம்.

தாடை விளிம்பு

தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, கன்னத் தோலைக் காது நோக்கி மேலே இழுத்தால், விளிம்பின் மேலிருந்த தோல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறிவிடும். அதன்பின் அது கன்னத்தின் தொடர்ச்சியே. கத்தியைக் கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரே வீச்சில் இறக்குவது பார்க்க அழகாக இருந்தாலும், எலும்பைத் தாண்டும் கணத்தில் கோணம் முற்றிலும் மாறிவிடுகின்றது. விளிம்புக்கு மேல் ஒரு வீச்சு, கீழே வேறொரு வீச்சு என்பதே பாதுகாப்பானது. காதுக்குக் கீழ், தாடை வளையும் மூலையில் முடியின் போக்கும் திரும்புவதால் அங்கு இன்னும் குறுகிய வீச்சுகள் தேவை.

தாமே மழிப்பவர்களுக்கு இங்கு மற்றொரு சிக்கல் உண்டு. வலக்கையால் இடப்பக்கத் தாடையை மழிக்கும்போது கை முகத்தின் குறுக்கே வந்து கண்ணாடியை மறைக்கின்றது. இடப்பக்கத்துக்கு இடக்கையைப் பழக்க வேண்டும் என்று பழைய கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான். முதல் சில வாரங்கள் இடக்கையால் கன்னத்தை மட்டும் மழித்துப் பழகலாம்.

கழுத்தும் குரல்வளை மேடும்

தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்துத் தோல் இறுகும். ஆனால் அளவுக்கு மீறிச் சாய்த்தால் குரல்வளை மேடு (பேச்சு வழக்கில் சங்கு) இன்னும் துருத்திக்கொண்டு வரும். மிதமாகச் சாய்த்து, கழுத்தெலும்புக்குச் சற்று மேலே விரல் வைத்துத் தோலைக் கீழ்நோக்கி இழுப்பது சிறந்தது. மேட்டின் மீதுள்ள தோலை ஒருமுறை வலப்பக்கம் இழுத்து அங்கு மழித்து, பின்னர் இடப்பக்கம் இழுத்து அங்கு மழித்தால் மேட்டைக் கத்தி தொடவே தேவையில்லை. சிலர் எச்சிலை விழுங்கும் பாவனையில் குரல்வளையை உயர்த்தி நிறுத்திக்கொண்டு மழிப்பர். மழிக்கும் நடுவில் தன்னிச்சையாக விழுங்கிவிட்டால் மேடு கத்திக்கு அடியில் நகரும் என்பதால், இது தொடக்கநிலையினருக்கு ஏற்றதன்று. கத்தி கழுத்தில் இருக்கும்போது பேசக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கழுத்தைக் கன்னம் போல வழுவழுப்பாக்க முனைவது வீண். கழுத்துத் தோல் மெல்லியது, சட்டைக் கழுத்துப்பட்டி நாள் முழுவதும் அதில் உரசுகின்றது. சற்றுச் சொரசொரப்பை விட்டுவைப்பவர்களுக்கே மறுநாள் எரிச்சல் இருப்பதில்லை.

தவிர்க்க வேண்டிய இடங்கள்

புடைத்த மச்சம், பரு, பூச்சிக்கடி, ஆறாத புண் ஆகியவற்றின் மேல் கத்தியை ஓட்டக் கூடாது. சுற்றி மழிக்க வேண்டும். துத்தன்காமன் கல்லறை அகழாய்வுக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு, கன்னத்தில் இருந்த கொசுக்கடியைச் சவரம் செய்கையில் வெட்டிக்கொண்டார். அக்காயத்தில் தொற்று ஏற்பட்டு, 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்தார். மம்மியின் சாபம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் அதற்குச் சாபம் எதுவும் தேவைப்படவில்லை. குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் குருதி உறையாமை நோய் உடையவர்களும் மடக்குக் கத்தியைத் தவிர்க்க வேண்டும்.

காயமும் தொற்றும்

மேலோட்டமான கீறலுக்குக் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதுமானவை. படிகாரம் திசுக்களைச் சுருங்கச் செய்து கசிவை நிறுத்தும். ஆழமான வெட்டின் மேல் தூய துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் பின்னரும் குருதி நிற்காவிட்டால் மருத்துவ உதவி தேவை. கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்க முயலக் கூடாது.

காயம் மழிக்கும்போது மட்டும் நேர்வதன்று. அமெரிக்க எழுத்தாளர் என்றி டேவிட் தோரோவின் அண்ணன் சான் 1842 சனவரியில் கத்தியைத் தீட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார். சிறு காயம்தான். அதன் வழியே வந்த இசிவு நோயால் அதே மாதம் 11ஆம் நாள் இறந்தார். இந்நோய்க்கு இன்று தடுப்பூசி உள்ளது.

ஒருவரின் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி பி தீநுண்மம் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் தன்மையுடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு குருதியே அதற்குப் போதும். நீரில் அலசுவதோ துணியில் துடைப்பதோ அதை அகற்றாது. எயிட்சு விழிப்புணர்வு பரவியதிலிருந்து தமிழ்நாட்டின் முடிதிருத்தகங்களில், தீட்டும் கத்திக்குப் பதிலாக, இருபுறக் கூர்வாய் கொண்ட பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைச் செருகும் மடக்குக் கத்தி பெருவழக்காகியுள்ளது. பிடிக்கும் முறையும் தோலை இழுக்கும் முறையும் மாறவில்லை. ஆனால் பிளேடின் வாய் மெல்லியதாகவும், செருகும் கத்தி கனம் குறைந்ததாகவும் இருப்பதால், மோவாயிலும் குரல்வளை மேட்டிலும் இன்னும் மென்மையாகத் தொட வேண்டியுள்ளது. புதுப் பிளேடு தம் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்கப்படுவதை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வது நல்லது. முந்தையவருக்குப் பயன்படுத்திய பாதியை எறியாமல் வைத்துக்கொண்டிருந்தால், மறுத்துவிடலாம்.